கம்பளத்தில் ஒரு வெள்ளைச் சேலை

அத்தியாயம் 9

முப்பது அடி நீளச் சிவப்புக் கம்பளத்தைத் தன் வீட்டுக் கூடத்தில் சுருட்டி வைத்து, அதன் பக்கத்திலேயே பாயையும் விரித்துப் படுத்துக்கொண்ட திரவியம் பிள்ளையைப் போன வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். தூங்கியிருப்பார் என்று நினைத்தால் தப்பு. மனிதர் கண்ணை மூடவே இல்லை.

தம்பானூர் ஸ்ரீ பாரிஜாதம் டாக்கீசின் மானேஜர் அவர். தியேட்டரில் எலி அதிகம் என்பதால்தான் கம்பளம் அவர் வீட்டுக்கு வந்தது. ஓணத்துக்கு வெளியாகும் புதுப் படத்தைத் தொடங்கிவைக்க நட்சத்திரம் வனமாலினி சென்னையிலிருந்து வந்து இறங்கியாயிற்று. இன்று சாயங்காலம் நாலரை மணிக்கு அவள் மோட்டாரிலிருந்து இறங்கி, அந்தக் கம்பளத்தின் மேல் நடந்து, தியேட்டருக்குள் போக வேண்டும். இவ்வளவுதான் வேலை. இந்த முப்பது அடியை நினைத்துத் திரவியம் பத்து நாளில் நாலு ராத்தல் இளைத்துவிட்டார்.

அவர் மனைவி முத்தாரம்மாளுக்குக் கம்பளத்தைப் பற்றி வேறு அபிப்பிராயம். கணவர் விடியற்காலையிலேயே விருந்தினர் பங்களாவுக்குப் போன நேரம் பார்த்து அதன் ஒரு முனையை விரித்தாள். அதன்மேல் சௌகரியமாக உட்கார்ந்து அவியலுக்குக் காய் நறுக்கினாள்.

"மதினி, அண்ணன் பாத்தாவன்னா உசுர விட்டுருவாவ," என்றாள் பொன்னம்மை.

"விடட்டும். அந்தக் குமரி மிதிக்கதுக்கு முன்னாலயே நான் மிதிச்சாச்சுன்னு நாளைக்குச் சொல்லிக்கிடலாம்லா? நீயும் ஒருக்க நடந்து பாரு. மெத்துமெத்துன்னு நல்லாத்தான் இருக்கு."

பொன்னம்மை சிரித்தாள். ஆனால் நடக்கவில்லை. கம்பளத்தைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு வந்தாள்.

பொன்னம்மை திரவியத்தின் தங்கை. வயது இருபத்தாறு. அம்பாசமுத்திரத்தில் வாழ்க்கைப்பட்டு, பதினெட்டு வயதில் புருஷனை விஷக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வந்த வருஷமே திரவியம் ஒரு தையல் மிஷின் வாங்கிப் போட்டார். அன்றிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் நாலு தெருப் பெண்களுக்கும் அவள்தான் ரவிக்கை தைக்கிறாள். ஆண் தையற்காரன் முன்னால் போய் அளவு கொடுக்க யாருக்கும் மனசில்லை. பழைய ரவிக்கை ஒன்றைக் காகிதத்தில் சுற்றி அனுப்புவார்கள். அதுதான் அளவு ரவிக்கை. அதைப் பார்த்து இவள் வெட்டுவாள்.

ஒரு வருஷமாக எல்லாப் பொட்டலத்தோடும் ஒரே உத்தரவு வருகிறது. "வனமாலினி கை வைக்கணும்!"

தோளில் உருண்டு உப்பி, முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்திருக்கும் அந்தக் கையைத் திரையில் பார்த்ததிலிருந்து திருவனந்தபுரத்துப் பெண்களுக்கு வேறு கை பிடிக்கவில்லை. கல்லூரிக்குப் போகும் குமரிகளிலிருந்து பேரன் எடுத்த சிவகாமியம்மாள் வரைக்கும் பொன்னம்மை அதைத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். பச்சையில், ஊதாவில், மாம்பழ மஞ்சளில் தைத்திருக்கிறாள். தனக்கு மட்டும் தைத்துக்கொண்டதில்லை. அவளுடையது வெள்ளைச் சேலை, வெள்ளை ரவிக்கை, ஒட்டின கை. அதற்கு யாரும் உத்தரவு போடவில்லை, போட வேண்டியிருக்கவும் இல்லை.

எட்டு மணிக்குத் திரவியம் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கம்பளத்தின் மேல் கிடந்த சேனைத்தோலைப் பார்த்தும் கோபப்படவில்லை. அப்போதே வீட்டுக்காரிக்கு விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது.

"பொன்னு, இந்தா பிடி." ஒரு பொட்டலத்தைத் தங்கையின் மடியில் வைத்தார். "அளவு ரவிக்கை. வனமாலினியோடது."

பொன்னம்மை இரண்டு கையையும் சேலையில் துடைத்துக்கொண்டுதான் அதைத் தொட்டாள்.

"ஓணமாம்லா? இந்த ஊரு உடைதான் உடுத்துவேன்னு ஒத்தக் கால்ல நிக்கா. சரிகைக் கரை போட்ட வெள்ளை முண்டும், மேல போடுத நேரியதும். நம்ம எதுத்த வீட்டு ஓமனா டீச்சரு வந்து உடுத்தி விடப் போறாவ. அதுக்குக் கிளிப்பச்சையில ரவிக்கை வேணும். கைக்குச் சரிகைக் கரை. ஒரு மணிக்குள்ள முடியுமா?"

"முடியும்ணே."

"வெள்ளையா?" முத்தாரம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். "கல்யாணம் காணாத பிள்ள, நல்ல நாளும் அதுவுமா வெள்ளையா உடுத்தும்?"

"இங்க அதுதாம்ளா மங்களம். இந்த ஊர்க்காரிய எல்லாம் கல்யாணத்துக்கே வெள்ளைதான உடுத்துதாவ? இத்தன வருஷமா பாக்கலியா நீ?"

பார்த்திருக்கிறாள். ஆனால் தெருவில் பார்ப்பது வேறு, வீட்டில் பார்ப்பது வேறு. அந்த வீட்டில் வெள்ளைக்கு ஒரே அர்த்தம்தான். அது இப்போது பொட்டலத்தோடு வந்த கிளிப்பச்சைப் பட்டுத் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இருவரும் அந்தப் பக்கம் பார்க்காமல் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

திரவியம் போகவில்லை. நின்றார். தலைப்பாகையைக் கழற்றினார், மறுபடியும் வைத்துக்கொண்டார்.

"பொன்னு, சாயங்காலம் கூட்டம் ரொம்ப இருக்கும்."

"ஆமா."

"நீ வந்து அந்த இடியில மாட்டிக்கிட வேண்டாம். நாளைக்கு உனக்கும் மதினிக்கும் நல்ல சீட்டாப் பாத்துப் பாஸ் தாரேன். சாவகாசமாப் பாக்கலாம்."

"சரிண்ணே."

அவள் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரவியம் வாசல் வரை போய், மனைவியை ஜாடை காட்டி வெளியே அழைத்தார்.

"தியேட்டரு முதலாளி, அந்த மெட்ராஸ்காரரு, தந்திக்குக்கூடப் பஞ்சாங்கம் பாத்துட்டுத்தான் பதில் போடுத மனுசன். நேத்து ஸ்டேஷன்ல இறங்கினதும் எங்கிட்ட முதல்ல கேட்டது, வாசல்ல சகுனம் சரியா இருக்குமான்னுதான். அப்படி இப்படி ஏதும் ஆச்சுன்னா மானேஜர் வேலைய வேற ஆளுகிட்டக் கொடுத்துருவேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுதாரு. நான் என்னளா செய்ய?"

உள்ளே தையல் மிஷின் வேகமாக ஓடத் தொடங்கியது. இவ்வளவு தாழ்ந்த குரலில் பேசினாலும் அந்தச் சின்ன வீட்டில் எல்லாம் எல்லோருக்கும் கேட்கும்.

பொன்னம்மைக்கு அழுகை வந்தது. வரத்தான் வந்தது. எதற்கு மறைக்க வேண்டும்? அவள் வனமாலினியைப் பார்க்க ஆசைப்படவில்லை. திரையில் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. தான் வெட்டி, தான் தைத்த ஒரு ரவிக்கை அந்தக் கம்பளத்தின் மேல், ஊரே பார்க்க நடந்து போவதைத் தானும் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றாவது பார்க்க வேண்டும். பொட்டலம் மடியில் விழுந்த அந்த நிமிஷத்திலிருந்து அவள் கேட்டது அவ்வளவுதான்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அளவு ரவிக்கையைப் பிரித்தவள், அடுத்த கணம் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"மதினி! இங்க ஓடி வாங்க!"

முத்தாரம்மாள் பயந்துபோய் ஓடி வந்தாள். பொன்னம்மை கைப்பகுதியை உள்பக்கம் வெளியாகத் திருப்பிக் காட்டினாள். உள்ளே கொசுவலைத் துணி! கஞ்சி போட்டு விறைப்பாக்கி, நாலு மடிப்பாக மடித்து வைத்துத் தைத்திருந்தது.

"இதாக்கும் சங்கதி! நான் தைச்ச கை சாயங்காலத்துக்குள்ள தொய்ஞ்சு போகுதுன்னு ஊரே என்னைய ஏசுச்சே? துணி தானா எப்படி மதினி உப்பும்? உள்ளுக்குள்ள கூடாரமே அடிச்சு வச்சிருக்காவ."

"அடப் பாவி மட்ட!" முத்தாரம்மாள் மோவாயில் கை வைத்தாள். "இதப் பாத்துட்டா நாங்க எல்லாம் ஏங்கிச் செத்தோம்?"

இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எந்தக் கண்ணீர் எதற்கு என்று முத்தாரம்மாள் விசாரிக்கவில்லை. பரண்மேல் கிடந்த பழைய கொசுவலையை இறக்கி, ஒரு மூலையை ஈவிரக்கமில்லாமல் கத்தரித்துக் கொடுத்தாள்.

ரவிக்கை பன்னிரண்டரைக்கெல்லாம் தயாராகி, பங்களாவுக்கும் போய்விட்டது. சரிகைக் கரையில் மூன்று முழம் மிச்சம். பொன்னம்மை வழக்கம்போலப் பக்கத் தையல்களின் உள்ளே இரண்டு விரல்கடை அதிகமாகவே துணி விட்டிருந்தாள். அளவு ரவிக்கை அனுப்புகிறவர்கள் யாருமே இப்போது போட்டுக்கொள்வதை அனுப்புவதில்லை, தாங்கள் ஒல்லியாக இருந்த காலத்து ரவிக்கையைத்தான் அனுப்புவார்கள் என்பது எட்டு வருஷத்தில் அவள் கண்ட உண்மை.

மூன்று மணிக்கு வாசலில் மோட்டார் ஹாரன் கேட்டது. எதிர்வீட்டு ஓமனா டீச்சர் சரிகைக் கசவு வைத்த புது நேரியது காற்றில் பறக்க உள்ளே ஓடி வந்தாள்.

"பொன்னம்மே! வேகம் வா! ஊசியும் நூலும் எடு. கை கேறல, பக்கமும் முட்டல. வனமாலினி அங்க கட்டில்ல இருந்து கரையுது, ஒரே கண்ணீரு!"

"நான் எப்படி டீச்சர்? அண்ணன் என்னைய..."

"அண்ணனெ ஞான் பாத்துக்கறேன். ரவிக்கை இல்லாத எப்படி வெளியில இறங்கும்?"

பொன்னம்மை மதினியைப் பார்த்தாள்.

"போ," என்றாள் முத்தாரம்மாள். "பங்களாவுலதான? தைச்சுக் குடுத்துட்டு வந்துரு."

விருந்தினர் பங்களாவின் உள்ளறையில் நட்சத்திரம் ஒரு பழைய சீட்டித் துணியைப் போர்த்திக்கொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. திரையில் பார்த்ததைவிடக் குட்டை. கன்னத்தில் ஒரு பரு. பொன்னம்மைக்கு அந்தப் பருவைப் பார்த்ததும் பயம் பாதி போய்விட்டது.

"அளவு ரவிக்கை எப்போ தைச்சதும்மா?"

வனமாலினி ஓமனாவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு வருஷத்துக்கு முன்னால," என்றாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"இந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான் அனுப்புதாவ. நீங்க ரெண்டு வருஷம்தான் சொல்லுதிய. சில பேரு பத்து வருஷம்."

வனமாலினி களுக்கென்று சிரித்தாள். பொன்னம்மை தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை வெளியே இழுத்து, மறுபடியும் கையாலேயே ஓட்டினாள். கால் மணி நேரம். ரவிக்கை உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. ஓமனா முண்டையும் நேரியதையும் உடுத்திவிட்டதும் வனமாலினி கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்குள் தெரிந்த இரண்டு வெள்ளை உடைகளையும் பார்த்தாள். ஓமனாவுடையது. பொன்னம்மையுடையது.

"என்ன அழகான ஊர்! பண்டிகைன்னா எல்லாரும் வெள்ளை. நீங்களும் ஓணத்துக்கு உடுத்திக்கிட்டு வந்திருக்கீங்க. உங்க தமிழைக் கேட்டா எங்க பக்கத்து ஆள்னு நினைப்பேன்."

பொன்னம்மையின் கையில் ஊசி நின்றது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் நிமிர்ந்தாள். ஓமனா நேரியதின் மடிப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து அவள் காதோடு சொன்னாள்.

"ஞான் ஒண்ணும் சொல்லல. நீயும் சொல்லண்டா."

"நீங்க என்கூடவே காரில் வாங்க," என்றாள் வனமாலினி. "இந்தக் கை நடுவழியில பிரிஞ்சுதுன்னா என் மானமே போயிடும். பக்கத்துலயே இருங்க."

மோட்டார் தைக்காட்டைக் கடந்து தம்பானூரை நெருங்க நெருங்கப் பொன்னம்மை இருக்கையின் ஓரத்துக்கு நகர்ந்தாள். காலையில் அண்ணனிடம் சொன்ன 'சரி' நினைவுக்கு வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடலாம். ஆனால் அவள் நிறுத்தச் சொல்லவில்லை.

மெல்லிய தூறல். தியேட்டர் வாசலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஜோஸ்யம் பார்த்துக் குறித்த நேரம் நாலு முப்பத்திரண்டு. மோட்டார் நின்றபோது திரவியத்தின் கடிகாரத்தில் முப்பத்தொன்று. கம்பளத்தின் இரண்டு பக்கமும் தாலப்பொலிக்காரப் பெண்கள், கசவு முண்டு உடுத்தி, கையில் விளக்கும் பூவும் அரிசியும் வைத்த தட்டுகளோடு நின்றார்கள். பதினொரு பேர் நிற்க வேண்டியது, பத்துப் பேர்தான் நின்றார்கள். ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல். அவளுடைய தட்டு கடைசியில் ஒரு முக்காலியின் மேல் அனாதையாக எரிந்துகொண்டிருந்தது. ஒற்றைப்படை கெட்டு இரட்டைப்படை ஆனதில் முதலாளி முகம் சரியில்லை.

ஓமனா முதலில் இறங்கினாள். நேராகப் போனாள். அந்தத் தட்டை எடுத்தாள். பின்னால் இறங்கிய பொன்னம்மையின் கையில் வைத்தாள்.

"டீச்சர், வேண்டாம்..."

"வெள்ளை உடுத்தவர் ஆரும் நிக்கலாம். நில்லு."

தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தில் கரைந்துவிடப் பொன்னம்மைக்கு ஒரு நொடி அவகாசம் இருந்தது. விளக்கின் சூடு முகத்தில் பட்டது. எட்டு வருஷத்தில் ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்திலும் அவள் முன்வரிசையில் நின்றதில்லை. பூசைக்குச் சமைத்த கை, விளக்கைத் தூக்கிக்கொண்டு யார் முன்னாலும் போனதில்லை. அவள் போகவில்லை. உண்மையைச் சொன்னால், போக அவளுக்கு மனசே வரவில்லை.

அப்போதுதான் திரவியம் தங்கையைப் பார்த்தார். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வனமாலினி இறங்கினாள். கூட்டம் ஓவென்று இரைந்தது. கிளிப்பச்சைக் கை தோளில் கும்மென்று நின்றது. ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் நின்று, விளக்கொளியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவள் மெல்ல நடந்து வந்தாள். புகைப்படக்காரர் யோசுவா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு கம்பளத்தின் கோடியில் காத்திருந்தார்.

முதலாளிக்குப் பரம சந்தோஷம். விரல்விட்டு எண்ணினார். பதினொன்று!

"பேஷ், பிள்ளைவாள்! இந்த ஊர் வெள்ளையும் சரிகையும் தனி லட்சணம்தான். அதோ கடைசியில நிக்கறாங்களே, வனமாலினியோட கார்ல வந்தவங்க, யார் அது? இந்த ஊர்ப் பெரிய தறவாட்டுக் குடும்பத்துப் பெண்மணியா?"

திரவியம் 'ஆமாம்' என்று தலையை ஆட்டியிருக்கலாம். அந்த ஒரு ஆட்டலில் எல்லாம் முடிந்திருக்கும். சகுனமும் கெட்டிருக்காது, வேலையும் போயிருக்காது. பொன்னம்மையும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டாள். நமக்குக்கூட அவர்மேல் கோபம் வந்திருக்காது.

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. நடந்து வரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் முகம் பதினாறு வயதில் இருந்ததுபோல இருந்தது.

"என் தங்கச்சி," என்றார் திரவியம். "பொன்னம்மை. அந்த ரவிக்கைகூட அவ தைச்சதுதான்."

"அடடே! மாப்பிள்ளை என்ன உத்தியோகம்?"

"மாப்பிள்ளை தவறி எட்டு வருசம் ஆச்சு. அவ உடுத்தியிருக்கது ஓணத்து வெள்ளை இல்ல, முதலாளி."

ரகசியமாகச் சொல்லியிருக்கலாம். கூட்டத்தின் இரைச்சலில் குரல் உரக்கவே வந்துவிட்டது. நாலடி சுற்றளவில் எல்லோருக்கும் கேட்டது. முதலாளியின் சிரிப்பு அப்படியே நின்றது. ஒன்பதாவது தட்டுக்கு முன்னால் நின்ற வனமாலினிக்கும் கேட்டது. திரும்பிப் பார்த்தாள்.

பொன்னம்மையின் தட்டு சாய்ந்து, இரண்டு பூ கம்பளத்தில் விழுந்தது.

வனமாலினி பத்தாவது தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு பொன்னம்மையிடம் வந்தாள். கரையில்லாத அந்தச் சேலையை இப்போதுதான் சரியாகப் பார்க்கிறவள்போல மேலிருந்து கீழே வரை பார்த்தாள். பங்களாவில் தான் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், காது மடல் சிவந்தது. இரண்டு கையையும் விளக்குக்கு மேலே நீட்டி, மற்றவர்களிடம் செய்ததைவிட ஒரு கணம் கூடுதலாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அந்த வலைத்துணி குத்துது," என்று மெதுவாகச் சொன்னாள். "ஆனா கை நிக்குது பாருங்க!"

யோசுவாவின் கேமரா வெளிச்சம் பளீரென்று அடித்தது.

முதலாளி யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

அந்திக்கு முன்னால் பொன்னம்மையும் ஓமனாவும் நடந்தே வீடு திரும்பினார்கள். நடந்ததை எல்லாம் ஓமனாதான் கையை ஆட்டி, காலை ஆட்டி, பாதி மலையாளத்தில் முத்தாரம்மாளிடம் நடித்துக் காட்டினாள். திரவியம் சொன்னதைச் சொல்லும் இடம் வந்ததும் கையைக் கீழே போட்டுவிட்டு நேராகச் சொன்னாள். விறுவிறுவென்று எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள்.

முத்தாரம்மாள் வெகுநேரம் அடுப்படியில் பாத்திரங்களை உருட்டினாள். அது கோபமா, அழுகையா என்று பாத்திரங்களுக்குத்தான் தெரியும். பிறகு வெளியே வந்து, தையல் கூடையைக் கிளறி, மிஞ்சிக் கிடந்த மூன்று முழம் சரிகைக் கரையை எடுத்தாள். பொன்னம்மையின் முந்தானை ஓரத்தில் வைத்துப் பார்த்தாள்.

"முந்திக்கு மட்டும் காணும், அது போதும். நாளைக்கு வச்சுத் தைச்சுக்க."

"மதினி, யாராவது பாத்தா..."

"பாத்தா என்ன? கேட்டவகிட்ட ஓணம்னு நான் சொல்லிக்கிடுதேன். ஓணம் முடிஞ்சப்பொறவு வேற என்னமாம் சொல்லிக்கிடலாம்."

பொன்னம்மை மதினியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். எட்டு வருஷமாக இருவரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். இப்படி ஒரு நாள் கட்டிக்கொண்டதில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் திரவியம் வந்தார். படம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் எழுந்து வந்திருந்தார். தலைப்பாகை கையில் இருந்தது. மற்றொரு கையில் முதலாளி கொடுத்த, நாலாக மடித்த ஒரு துண்டுக் காகிதம். அதை மனைவியிடம் நீட்டினார். முத்தாரம்மாள் விளக்கருகில் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"நாளைக் காலை ஒன்பது மணிக்கு என்னை வந்து பார்க்கவும். உமது தங்கையையும் அழைத்து வரவும். யோசுவாவிடம் அவர் எடுத்த படத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்."

அவ்வளவுதான் இருந்தது. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

"தெரியல. மூஞ்சியப் பாத்தாவது தெரியும்னு பாத்தேன். ஒண்ணும் தெரியல."

கம்பளம் போன இடம் கூடத்தில் வெறுமையாக இருந்தது. திரவியம் அங்கேயே தரையில் உட்கார்ந்தார். பொன்னம்மை தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்தாள். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாலு தரம் ஆரம்பித்தாள். நாலு தரமும் வரவில்லை. கடைசியில் வாயில் வந்தது வேறு.

"கை எப்படிண்ணே நின்னுச்சு? தூரத்துல இருந்து பாக்கையில நல்லா இருந்துச்சா?"

திரவியம் தண்ணீரைக் குடித்து முடித்தார். செம்பைக் கீழே வைத்தார்.

"நான் கையப் பாக்கல, பொன்னு," என்றார். "உன்னையத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."